ஆறு தொன் மானம்

தராசுக் கம்பத்துப் பெட்டியில் 6,140 என்று சிவப்பு எழுத்தில் விழுந்தது.

தேவராசா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இலக்கம் அசையவில்லை. இழுவண்டியும் சேர்த்து ஆறாயிரம் கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று பிக்கப்பின் கதவுத் தகட்டில் அச்சடித்திருந்தது.

"எப்பிடி, சம்மந்தி?" பக்கத்து ஆசனத்திலிருந்து கணேசலிங்கம் கேட்டார்.

"கொஞ்சம் கூடக் காட்டுது. தராசு பழசு போல."

கிழக்கு லண்டனில், டகெனத்தில் ஒரு சரக்கு முற்றம் அது. லொறிகளை நிறுக்கும் நீண்ட இரும்புத் தட்டு நிலத்தோடு மட்டமாகப் பதித்திருந்தது. சுற்றிவர மஞ்சள் கோடு. கோட்டுக்கு அப்பால் இரவு மழையின் சேறு. கம்பத்துப் பொத்தானை அமத்தினால் நிறை விழும்.

இதற்கெல்லாம் காரணம் மச்சான் றஜீவ். மகள் துஷ்யாவின் நிச்சயதார்த்தத்தன்று, மாப்பிள்ளையின் தகப்பன் கணேசலிங்கத்திடம் தேவராசா ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். கலியாணத்துக்கு முன் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வேல்ஸ் முருகனைக் கும்பிடப் போவது; அறை எடுக்கத் தேவையில்லை, கட்டிலும் குசினியும் உள்ள வண்டியைத் தன் பிக்கப்பே இழுக்கும்.

"அத்தான், இழுக்கிறது வேற, முதுகில சுமக்கிறது வேற," என்று சபையிலேயே சொன்னான் றஜீவ். "உந்த வண்டியின்ர மூக்கு பிக்கப்பின்ர முதுகில வந்து குந்தும். அதுக்கு மேல நாலு பேர். பேசாம என்ர மினிவானைக் கொண்டுபோங்கோ."

"நிறுத்துக் காட்டிப்போட்டுத்தான் லண்டனை விட்டு வெளிக்கிடுவன்," என்றார் தேவராசா.

அவர் பரம்பரையில் சொன்ன சொல்லை விழுங்கியவர் எவருமில்லை. சம்மந்தியை மச்சானின் வானில் ஏற்றி அனுப்புவதென்றால், அதைவிட வேல்ஸுக்கு நடந்தே போகலாம்.

அவர் முதலில் தானே இறங்கினார். வெள்ளை வேட்டியில் சேறு படாமல் வண்டியை ஒட்டி நின்று பொத்தானை அமத்தினார். 6,140. மனைவி சுசிலாவை இறக்கினார். 6,140.

"நானும் இறங்கிறன்," என்றார் கணேசலிங்கம்.

"சீச்சீ, நீங்கள் இருங்கோ சம்மந்தி. அது மரியாதையில்லை."

அதற்குள் அவர் இறங்கிவிட்டார். பிக்கப் பெருமூச்சு விட்டதுபோல் ஒரு பக்கம் எழும்பியது. தேவராசா பொத்தானை அமத்தினார். 6,140.

கணேசலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "பாத்தீரோ பாலாம்பிகை? நான் இறங்கி ஒரு கிலோ குறையேல்லை. மெலிஞ்சிட்டன் எண்டு சொன்னா நம்பிறீரில்லை."

பின் ஆசனத்தில் முழங்கால் நோவோடு உயர இருந்த அவர் மனைவி பாலாம்பிகை யன்னல் கண்ணாடியை இறக்கினார். "நான் ஒண்டு சொல்லட்டோ?"

"பொறும். நாங்கள் கதைக்கிறமெல்லோ."

"அப்ப சாமான்தான்," என்று தேவராசா இழுவண்டியைத் திறந்தார்.

சுசிலா தலையைக் குனித்துக்கொண்டாள். இரண்டு மூட்டை குத்தரிசி வந்தது. பிறகு காஸ் சிலிண்டர், கிரைண்டர், ஐம்பது பேருக்குச் சமைக்கிற கிடாரம்.

"கோயிலில சாப்பாடு குடுப்பினம்தானே?" என்றார் தேவராசா, பல்லைக் கடித்தபடி.

"அவை உறைப்புப் போடுறேல்லையாம்," என்றாள் சுசிலா. "சேத்தில வைக்காதேங்கோ, இஞ்சால வையுங்கோ."

எல்லாவற்றையும் வண்டியோரம் வரிசையாக அடுக்கினார்கள். 6,140.

உதவி செய்யும் ஆசையில் கணேசலிங்கம் கட்டிலுக்கடியில் கைவிட்டு ஒரு பெட்டியை இழுத்தார். உள்ளே போத்தல்கள் கிணுகிணுத்தன. முருகனைக் கும்பிடப் போகிற வண்டியில் ஆறு விஸ்கிப் போத்தல்.

தேவராசா பெட்டியின் மூடியைச் சாத்தினார். "அது... வேல்ஸ் குளிர் எண்டு..."

கணேசலிங்கம் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். "இதை மட்டும் திரும்ப ஏத்துவம், சம்மந்தி. இதில பாரமே இல்லை."

"நான் சொல்ல வந்தது என்னெண்டால்..." என்றார் பாலாம்பிகை.

"உமக்கு முழங்கால் நோகுது. பேசாம இரும்."

இனி இறக்க ஒன்றுமில்லை. தேவராசா அரிசி மூட்டையில் குந்தி, போனை எடுத்தார். சம்மந்தி கேட்கத்தக்கதாக, அவர் வாயிலிருந்து ஒருநாளும் வராத வார்த்தை வந்தது.

"றஜீவ், நீ சொன்னது சரி. வானைக் கொண்டு வா."

"சத்தம் விளங்கேல்லை அத்தான். ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ."

திருப்பிச் சொன்னார்.

இல்ஃபோர்டிலிருந்து றஜீவ் வந்து சேர அதிக நேரம் எடுக்கவில்லை. இழுவண்டியின் வாலை முட்டுமாப்போல் மினிவானை நிறுத்திவிட்டு, கையில் கோப்பியோடு சிரித்துக்கொண்டு இறங்கினான்.

"இப்பிடி வெறுமையாயும் பாரம் நிக்குதோ? விடுங்கோ, நான் அமத்திறன்."

கம்பத்துப் பெட்டியில் 8,590 என்று விழுந்தது.

றஜீவின் சிரிப்பு நின்றது. "அத்தான், உள்ளுக்குள்ள தேரே வைச்சிருக்கிறியள்?"

"இனி ஒண்டுமில்லை, முருகனறிய," என்றாள் சுசிலா.

"நிக்க நிக்க ஏறுதெண்டால், இது உருப்படாத வண்டி சம்மந்தி," என்றார் கணேசலிங்கம். "வித்துத் தள்ளுங்கோ."

தேவராசா எழுந்தார். வேட்டியைச் சரிசெய்தார். மடியிலிருந்து பிக்கப்பின் திறப்பை எடுத்து, மச்சானின் முகத்தைப் பாராமலே நீட்டினார். "நீயே வித்துத் தா."

இந்த முறை பாலாம்பிகை யாரையும் கேட்கவில்லை. யன்னலால் தலையை வெளியே நீட்டினார்.

"றஜீவ் தம்பி, முதல்ல உந்த வானைப் பின்னுக்கு எடும். மற்றாக்கள் அரிசியையும் போத்திலையும் தூக்கிக்கொண்டு மஞ்சள் கோட்டுக்கு அங்கால போங்கோ, சேறு பட்டாலும் பறவாயில்லை. அப்ப தொடக்கம் எல்லாரும் தராசிலதான் நிக்கிறியள்."