கா விட்ட மானும் கோ கிடைக்காத முயலும்

ஒரு காட்டில் பெண் விலங்குகளுக்கென்று ஓர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. சுற்றுச்சுவர் கிடையாது, சுற்றறிக்கைகளுக்குக் குறைவு கிடையாது. அப்பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக் கால அட்டவணையில், வியாழக்கிழமை ஏழாம் பாடவேளைக்கு நேரே 'விளையாட்டு' என்று எழுதியிருந்தது. எழுதியிருந்ததே தவிர, அவ்வேளையில் விளையாடியவர் எவருமிலர். மணி அடித்ததும் கணக்காசிரியை மரங்கொத்தி, "போர்ஷன் முடியல" என்று சொல்லிக்கொண்டே வகுப்புக்குள் பறந்து வந்துவிடுவார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கொத்தினால் எதுவும் உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிய கற்பித்தல் முறை.

உடற்கல்வி ஆசிரியை ஒரு வரையாடு. செங்குத்துப் பாறையில் நிற்கப் பழகியவர். ஆதலால் தலைமையாசிரியையின் அறையிலும் கால் நடுங்காமல் நிற்பார். அந்தப் பாடவேளையைத் திருப்பித் தரும்படி அவர் ஏழு முறை எழுத்து மூலம் வேண்டினார். எட்டாம் முறை, தலைமையாசிரியையான காட்டெருமை தம் அறையின் கோப்பை அலமாரியைத் திறந்து காட்டினார். அதில் சுண்ணக்கட்டிப் பெட்டிகள் நான்கும், சென்ற ஆண்டு விடைத்தாள்களும் இருந்தன.

"குறுவட்டக் கோ-கோ போட்டியில ஜெயிச்சிட்டு வாங்க. அப்புறம் அந்தப் பீரியட்ல மரங்கொத்தி டீச்சர் தலைகாட்ட மாட்டாங்க. ஜெயிக்கலைன்னா அட்டவணையில இருக்கிற அந்தச் சொல்லையே அடிச்சிடுவேன்" என்றார் காட்டெருமை.

வரையாடு ஒப்புக்கொண்டார். செய்தி வகுப்பை எட்டியபோது, வாழ்நாள் முழுவதும் வியாழன்தோறும் இரண்டு கணக்குப் பாடவேளைகளா, அல்லது ஒன்றா என்பதே கேள்வி என்று மாணவியர் சரியாகவே புரிந்துகொண்டனர்.

கோ-கோ ஆட்டம் எளியது. துரத்தும் அணியில் எட்டுப் பேர் ஒரே வரிசையில், ஒருத்தி இப்பக்கமும் அடுத்தவள் அப்பக்கமும் நோக்கி அமர்ந்திருப்பார்கள். ஒன்பதாமவள், வரிசையைக் குறுக்கே தாண்டாமல், எதிரணியினரைத் துரத்துவாள். அவளால் எட்ட முடியாதபோது, அமர்ந்திருக்கும் ஒருத்தியின் முதுகைத் தட்டி, உரத்த குரலில் "கோ" என்பாள். தட்டப்பட்டவள் எழுந்து ஓட, தட்டியவள் அவ்விடத்தில் அமர்வாள். தட்டினால் மட்டும் போதாது, சொல்ல வேண்டும்.

அப்பள்ளியின் அணிக்கு வலிமை இருவர். ஒருத்தி மான் மேகலா. மற்றவள் முயல் தாட்சாயணி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் அமர்பவர்கள். தண்ணீர்க் குழாய்க்கும் சேர்ந்தே போவார்கள். மான் "கோ" என்று முடிக்குமுன் முயல் பாதித் தூரம் போயிருப்பாள். அவ்விருவரையும் பார்க்கும்போதெல்லாம் வரையாட்டுக்கு வியாழக்கிழமை ஏழாம் பாடவேளை மனக்கண்ணில் தெரிந்தது.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில் ஒரு புகைப்படத்தால் எல்லாம் கெட்டது.

பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது என்பது விதி. கொண்டுவந்தால் வெளியே எடுக்கக் கூடாது என்பது நடைமுறை. தாட்சாயணி தன் கைபேசியை இடக் காதின் மடிப்புக்குள் வைத்திருந்தாள். பயிற்சி முடிந்த ஒரு மாலையில் அணியினர் அனைவரும் நிற்க ஒரு படம் எடுத்து, அதை வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸாக வைத்தாள். படத்தில் அவளுடைய காதுகள் இரண்டும் அழகாக நிமிர்ந்திருந்தன. மேகலாவின் கண்கள் மட்டும் பாதி மூடி, பாதி சொருகியிருந்தன. மானின் விழியைப் புலவர்கள் காலங்காலமாகப் பாடிவர, அவ்வினத்தில் பிறந்த ஒருத்திக்கு இது தாங்கக்கூடிய செய்தியா?

மறுநாள் காலை வணக்கக் கூட்டம் கலைந்ததும் மேகலா அவளை மறித்தாள்.

"நீ நல்லா இருந்தா போதும், இல்ல? என்னைப் பாத்தா செத்த மாடு மாதிரி இருக்கு."

தலைமையாசிரியை அவ்வழியே வராதது அவளுடைய நல்லூழ்.

"என் ரெண்டு காதும் ஒண்ணா நிமிர்ந்து நின்ன ஒரே போட்டோடி அது. நாப்பத்தேழு பேர் பாத்தாச்சு. இப்போ எடுத்தா, பயந்து எடுத்துட்டான்னு சொல்லுவாங்க" என்றாள் தாட்சாயணி.

"சரி, வச்சிக்கோ. கா."

மேகலா சுண்டுவிரலை நீட்டினாள். மானுக்குச் சுண்டுவிரல் இல்லை. எனினும் குளம்பின் ஓரத்தை நீட்டிய விதத்தில் பொருள் தெளிவாக இருந்தது. தாட்சாயணியும் தன் சுண்டுவிரலை நீட்டி, "நானும் கா" என்றாள்.

கா விடுதல் எல்லாப் பள்ளிகளிலும் உள்ளது. ஆனால் பெண்கள் பள்ளியில்தான் அது முறையாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கா விட்டவர்கள் ஒருவரோடொருவர் பேசக் கூடாது. மீண்டும் சேர வேண்டுமானால் இரண்டு விரல்களை நீட்டிப் "பழம்" சொல்ல வேண்டும். அதற்கு முன் யார் முதலில் வாய் திறக்கிறாரோ அவரே இறங்கிவந்தவர் ஆவார். அச்செய்தி பத்தாம் வகுப்பு முடியும்வரை அவரைத் தொடரும்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. மான் கட்சியினர் வேப்பமரத்தடியிலும், முயல் கட்சியினர் மிதிவண்டி நிறுத்தத்திலும் மதிய உணவு உண்டனர். கட்சி சேராமல் நடுவில் அமர்ந்த காட்டுக்கோழியை இரு தரப்பும் ஒற்றர் என ஐயுற்றன.

பயிற்சியில் மேகலா பந்தயக் குதிரைபோல் ஓடிவருவாள். தாட்சாயணியின் முதுகு எதிரே இருக்கும். ஒரு சொல் சொன்னால் போதும். அவளோ வாயை இறுக மூடிக்கொண்டு கடந்து போய்விடுவாள். தாட்சாயணியும் அவ்வாறே செய்தாள்.

அணித்தலைவியான கீரி ஒரு வழி கண்டாள். "கோ" என்பது சொல்லே அன்று, வெறும் ஓசை. இருமுவதும் தும்முவதும் போன்றது. ஆதலால் அதைச் சொன்னால் பேசியதாக ஆகாது என்று அவள் வாதிட்டாள். இரு கட்சிகளும் இதற்கு இணங்கும் நிலையில்தான் இருந்தன. ஐயம் தீர்த்துக்கொள்ளத் தமிழாசிரியை மைனாவிடம் சென்றதே பிழையாயிற்று.

மைனா அகராதியைப் புரட்டவும் இல்லை. "கோ என்றால் அரசன். கோ என்றால் பசு. மலை, வானம் என்றும் பொருளுண்டு. பொருள் இருந்தால் அது சொல். சொல்லைச் சொன்னால் அது பேச்சு. யாரடி அதை இருமல் என்றது?" என்றார். கீரி ஐந்து முறை இம்போசிஷன் எழுதினாள். வரையாடு மைனாவோடு இரண்டு நாள் தேநீர் அருந்தவில்லை.

முயலை நீக்கிவிட்டு வேறொருத்தியைச் சேர்க்கலாமே என்றால், மாற்று ஆட்டக்காரியாக இருந்தவள் முள்ளம்பன்றி. அவளுடைய முதுகைத் தட்ட எவரும் முன்வரவில்லை.

செய்தி தலைமையாசிரியைக்குப் போனது. அவர் 'மாணவியர் மனத்தாங்கல் தீர்வுப் படிவம்' என்ற ஒன்றை மூன்று நகல்களில் நிரப்பித் தரச் சொன்னார். அலுவலகச் சாளரத்தின் முன் இருவரும் வரிசையில் நின்றனர். நடுவில், தெரியாத்தனமாக, மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த ஓர் அணில் நின்றது. படிவத்தில் 'முதல் தரப்பு', 'இரண்டாம் தரப்பு' என இரண்டு இடங்கள் இருந்தன. முதல் தரப்பு கையொப்பமிட்ட பின்னரே இரண்டாம் தரப்பு இட வேண்டும் என்று கீழே குறிப்பு இருந்தது. முதலில் இடுபவளே இறங்கிவந்தவள் என்று இருவருக்கும் தெரியும். இடைவேளை மணி அடிக்கும்வரை இருவரும் பேனாவை மூடியபடி நின்றனர். ஈற்றில் அணில் மூன்று நகல்களிலும் கையொப்பமிட்டுவிட்டுப் போயிற்று. மனத்தாங்கல் தீர்ந்ததாகக் கோப்பில் பதிவாயிற்று.

போட்டி நாள் வந்தது. எதிரணியினர் அடுத்த மலைப் பள்ளியின் மந்திகள்; சென்ற ஆண்டு கோப்பையை வென்றவர்கள். அவர்களுடைய தலைவி ரோஸ்லின் படிப்பாளி. நடுவர் ஒரு கொக்கு. ஒற்றைக்காலில் நின்று, விதிப்புத்தகத்தை இறக்கைக்குள் இடுக்கிக்கொண்டு, கண்ணிமைக்காமல் பார்ப்பவர். இரு அணியும் சமமானால் கோப்பை சென்ற ஆண்டு வென்றவர்க்கே என்று தொடக்கத்திலேயே அவர் அறிவித்தார்.

முதலில் மந்திகள் துரத்தினர். தமக்குரிய ஏழு நிமிடத்தில் எட்டுப் பேரைத் தொட்டனர். ஆகவே இவர்கள் வெல்ல ஒன்பது பேரைத் தொட வேண்டும். பார்வையாளர் வரிசையில் மரங்கொத்தி ஒரு வேலியின்மேல் அமர்ந்து, வியாழக்கிழமைக்குரிய பயிற்சிக் கணக்குகளைக் குறித்துக்கொண்டிருந்தார்.

இவர்களின் முறை தொடங்கியது. மேகலா துரத்தினாள், தாட்சாயணியைக் கடந்துபோய்க் கீரிக்குக் கோ கொடுத்தாள். கீரி ஒரு மந்தியைத் தொட்டுவிட்டாள். மறுபடியும் மேகலாவின் முறை. மறுபடியும் முயலைக் கடந்துபோய்க் காட்டுக்கோழியின் முதுகைத் தட்டினாள். இன்னொரு மந்தி வெளியேறினாள். வரையாட்டுக்கே இது விளங்கவில்லை.

விளக்கம் மந்திகளிடம் இருந்தது. ரோஸ்லின் ஒரு மாதமாகத் தாட்சாயணியின் ஸ்டேட்டஸைப் பார்த்து வந்தாள். கா விடும்வரை அதில் வந்த பயிற்சிக் காட்சிகள் அனைத்திலும் மான் ஓடிவந்து முயலுக்கே கோ கொடுத்தாள். ஆதலால் மான் வந்தால் முயலை விட்டு விலகி ஓட வேண்டும் என்று ரோஸ்லின் தன் அணிக்கு மனப்பாடம் செய்வித்திருந்தாள். மந்திகள் முயலை விட்டு விலகி ஓடினார்கள். ஓடிய இடத்திலெல்லாம் வேறொருத்தி எழுந்து வந்தாள். பகை பாடுபட்டது. ஆறு நிமிடம் முடிவதற்குள் எட்டு மந்திகள் வெளியே அமர்ந்திருந்தனர்.

எஞ்சியவள் ரோஸ்லின். இன்னும் ஒரு தொடுதல் வேண்டும்.

படிப்பாளி என்பதால் அவள் விரைவில் கண்டுகொண்டாள். முயலுக்கு மான் கோ தரமாட்டாள். ஆகவே களத்தில் பாதுகாப்பான இடம் முயலுக்கு முன்புறமே. அங்கே போய் நின்றுகொண்டாள். கீரி வந்தால் மறுபுறம் நழுவினாள்; மான் துரத்த வரும்போதெல்லாம் முயலின் எதிரே வந்து நின்று, வாலைச் சுருட்டி அமர்ந்து, நகத்தைப் பார்த்தாள்.

அரை நிமிடம் இருந்தது. மேகலா மூச்சிரைக்க வந்து நின்றாள். எதிரே தாட்சாயணியின் முதுகு. அதற்கப்பால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் ரோஸ்லின். வேப்பமரக் கட்சியும் மிதிவண்டிக் கட்சியும் ஒன்றாகக் கத்தின.  வரையாடு மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

அமர்ந்திருப்பவள் திரும்பக் கூடாது என்பது விதி. தாட்சாயணி திரும்பவில்லை. காதை மட்டும் திருப்பினாள். காதைப் பற்றி விதிப்புத்தகம் எதுவும் கூறவில்லை.

"அந்த ஸ்டேட்டஸை நீ கா விட்ட அன்னைக்கு இடைவேளையிலயே எடுத்துட்டேன்டி, மேகலா. நீ பாக்கவே இல்ல" என்றாள், தாழ்ந்த குரலில்.

முயல் இறங்கிவந்துவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு முழுவதும் பார்த்திருக்க, வாய் திறந்துவிட்டாள். மேகலாவின் கண்கள் அகன்றன, நீர் கோத்தது. அவள் இரண்டடி முன்னால் பாய்ந்து, தாட்சாயணியின் முதுகில் ஓங்கித் தட்டி, மைதானத்தின் நான்கு மூலைகளுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"பழம்."

தாட்சாயணி அம்புபோல் எழுந்தாள். ரோஸ்லின் வாலை எடுப்பதற்குள் அவளைத் தொட்டுவிட்டாள். பள்ளி முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அதன் பின்னரே கொக்கின் விசில் ஒலி காதில் விழுந்தது.

"செல்லாது" என்றார் கொக்கு. அதற்குள் ஏழாம் நிமிடமும் முடிந்திருந்தது.

வரையாடு களத்துக்குள் ஓடிவந்தார். தட்டினாளே, உரக்கச் சொன்னாளே என்று எவ்வளவோ வாதாடினார்.

"உரக்கச் சொன்னாங்க. ஆனா வேற சொல்லைச் சொன்னாங்க. பழம்னு விதிப்புத்தகத்துல எங்கயாவது இருக்குதா, டீச்சர், நீங்களே பாருங்க" என்று கொக்கு புத்தகத்தை நீட்டினார்.

"சொன்ன சொல்லு வேறயா இருந்தாலும் எண்ணம் ஒண்ணுதானே, சார்?"

"எண்ணத்துக்கு மார்க் இல்லீங்க."

கொக்கின் தீர்ப்பில் பிழை காண எனக்கும் வழி தெரியவில்லை. எட்டுக்கு எட்டு, சமம். கோப்பை மலையேறிற்று. மானும் முயலும் இவற்றுள் ஒன்றையும் கவனிக்கவில்லை. இரண்டு நிமிடங்களாக ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தனர்.

திங்கட்கிழமை காட்டெருமை கால அட்டவணையை வரவழைத்து, 'விளையாட்டு' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, 'கணக்கு' என எழுதி, திருத்தத்திற்குச் சுருக்கொப்பமும் இட்டார். உடற்கல்வி ஆசிரியை அந்நேரத்தில் மதிய உணவுப் பதிவேட்டைச் சரிபார்க்கப் பணிக்கப்பட்டார். அணியின் மற்ற எழுவரும், முள்ளம்பன்றியும், இரு கட்சியினரும் கட்சி வேறுபாடு மறந்து ஒன்றுகூடி, மேகலாவுக்கும் தாட்சாயணிக்கும் ஒருசேரக் கா விட்டனர்.

வியாழக்கிழமை ஏழாம் பாடவேளையில் மரங்கொத்தி கரும்பலகையைக் கொத்தத் தொடங்கினார். கடைசிப் பெஞ்சில் மானும் முயலும் ஒரே நோட்டுப் புத்தகத்தை நடுவில் வைத்து அமர்ந்திருந்தனர்.

"இந்தக் கணக்கு வருதாடி உனக்கு?" என்றாள் மேகலா.

"வரல. உனக்கு?"

"எனக்கும் வரல."

இருவரும் பெருமகிழ்ச்சியோடு ஒரே விடையைத் தவறாக எழுதினர்.

நீதி: பகைத்தவளோடு கூடிக் கோப்பையை நெருங்கலாம், பழம் விட்டவளோடு கூடிக் கணக்குத்தான் போடலாம்.