பலூன், பிஸ்கட், பெண்டாட்டி

விசிறியைப் போட்டால் பலூன் ஆடியது. நிறுத்தினால் துப்பாக்கி பிடித்தவர்களுக்கு வேர்த்துக் கொட்டியது. என்ன செய்வதென்று தெரியாமல் பயிற்சியாளர் விசிறியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஏர் ரைஃபிள் கிளப்பில் அவருக்குப் பட்டாசு மாஸ்டர் என்று பெயர். அவர் காதுபட யாரும் அப்படிச் சொன்னதில்லை. புதிதாகச் சேர வந்தவர்களுக்கு மூச்சை அடக்கிச் சுடுவது எப்படி என்று அவர் சொல்லிக்கொடுத்த அழகில், பலர் அடக்கிய மூச்சைத் தெருவுக்குப் போய்த்தான் விட்டார்கள். அப்படியே வீட்டுக்கும் போய்விட்டார்கள்.

போன வாரம் கிளப் தலைவர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, காபி வரவழைத்துக் கொடுத்து, விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வருடாந்தரப் போட்டி. அன்று பார்வையாளர் நாற்காலிகள் நிரம்பாவிட்டால் ஹாலை வாடகைக்கு விட்டுவிடுவது என்று கமிட்டி முடிவு செய்துவிட்டது. அதனால் போட்டியைக் கொஞ்சம் கலகலப்பாக, புது மாதிரியாக அமைக்க வேண்டும்.

"பொறுப்பை நீங்கதான் எடுத்துக்கணும் மாஸ்டர்," என்றார் தலைவர்.

மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டையில் கறுப்பு வட்டம் இருக்கிறது, வட்டத்தின் நடுவில் புள்ளி இருக்கிறது, அதைச் சுட வேண்டும். இதில் கலகலப்புக்கு எங்கே இடம்? ஆனால் ஹால் போய்விட்டால் அவர் கதி என்ன? வீட்டில் அவர் வாயைத் திறந்தாலே மனைவி காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு காய் நறுக்க உட்கார்ந்துவிடுவாள். கிளப்பிலிருந்து அவரே கொண்டுவந்து கொடுத்த கவசம். மனசாரக் கத்துவதற்கு உலகத்தில் அவருக்கென்று இருந்தது இந்த ஒரு ஹால்தான். அதை எவனோ ஒருவனுக்கு விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

ஆகவேதான் அட்டைக்குப் பதில் பலூன். விசிறியை நிறுத்திவிட்டுச் சுடச் சொன்னார். பல் டாக்டருக்குக் கை வேர்த்து வழுக்கி, அவர் சுட்ட குண்டு பக்கத்து வரிசைப் பலூனை உடைத்தது. பக்கத்து வரிசைக்காரர் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். அந்தப் புள்ளி தனக்குத்தான் சேர வேண்டும் என்றார்.

"வெடிச்சது என் பலூன்தானே. யார் சுட்டா என்ன?"

"பக்கத்து வீட்டுக்காரன் சாப்பிட்டா உங்க வயிறு ரொம்பிடுமா?" என்று மாஸ்டர் எகிறினார். மேனேஜர் பதிலுக்கு எகிறினார். குண்டைச் சுட்ட டாக்டர், பேச்சு தன் பக்கம் திரும்புவதற்குள் நழுவிவிட்டார்.

மறுநாள் பிஸ்கட். கயிற்றில் துணி கிளிப் மாட்டி, கிளிப்பில் பிஸ்கட்டைச் செருகினார்கள். பிஸ்கட் ஆடவில்லை. ஆனால் பாதிதான் உடைந்தது. பாதி உடைந்தால் பாதி மார்க்கா, முழு மார்க்கா? மூலை மட்டும் உதிர்ந்தால்? மேனேஜர் கீழே குனிந்து தூளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மாஸ்டர் கத்திய கத்தலில் மிச்சமிருந்த தூளும் பறந்தது.

அடுத்த நாள் காலையில் வந்து பார்த்தால், யாரும் சுடாமலேயே எல்லா பிஸ்கட்டும் காலியாகியிருந்தது. எலி. தன் வரிசையில் காணாமல் போனதற்கு மார்க் உண்டா என்று மேனேஜர் கேட்டார். மாஸ்டர் அவரைப் பார்த்த பார்வையில், கேட்டதை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் மாஸ்டருக்கு ஒன்று உறைத்தது. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சுடுவதால்தானே இத்தனை தகராறு? புருஷன் பெண்டாட்டியாக ஜோடி சேர்த்துவிட்டால்? ஒருவர் பழையபடி அட்டையைச் சுட வேண்டும். குண்டு எங்கே பட்டது என்று மற்றவர் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னபடி மட்டுமே அடுத்த குண்டைச் சுட வேண்டும். கட்டிக்கொண்டவர்களுக்குள் என்ன சண்டை வந்துவிடப் போகிறது? கல்யாணமான நாளிலிருந்து அவர் வீட்டில் எதிர்ப்பேச்சு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லையே. அது காதுக் கவசத்தின் கைங்கரியம் என்பது மட்டும் அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜோடிகள் வந்தன. ஒவ்வொரு ஜோடிக்கும் பின்னால் மாமியார், மாமனார், நாத்தனார், கொழுந்தன், சகலை என்று சொந்தபந்தமும் வந்தது. பெண் வீட்டார் ஒரு பக்கமும் மாப்பிள்ளை வீட்டார் மறு பக்கமுமாக, யாரும் சொல்லாமலே பிரிந்து உட்கார்ந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்," என்றாள் பல் டாக்டரின் மனைவி, தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி.

டாக்டர் சுட்டார்.

"கொஞ்சம்னா இவ்வளவா? கொஞ்சம்னா என்னன்னே உங்களுக்குத் தெரியாது. கொஞ்ச நாள் எங்கம்மா வீட்டுக்குப் போய் இருந்துட்டு வரேன்னு சொன்னப்பவும் இப்படித்தான்."

பெண் வீட்டார் பக்கம் கைதட்டல் எழுந்தது. எந்த நாளைப் பற்றிப் பேசுகிறாள் என்று மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தார்கள். பக்கத்து வரிசையில் மேனேஜரின் மனைவி, பென்ஷன் வந்ததும் வராததுமாக அவர் வாங்கிப்போட்ட நிலத்தில் ஆரம்பித்திருந்தாள். அட்டையில் ஒரு குண்டுகூடப் படவில்லை. தெருவில் போனவர்களெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்கள்.

மாஸ்டருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இது சுடுகிற இடமா, பஞ்சாயத்து நடக்கிற இடமா? யாரும் வாயைத் திறக்கக்கூடாது, சைகையில்தான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார். சைகையில் சொன்னவை வாயால் சொன்னவற்றைவிட மோசமாக இருந்தன. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

எப்படி என்று தானே சுட்டுக் காட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்த மனைவியைக் கூப்பிட்டுத் தொலைநோக்கி முன் நிறுத்தினார். ஹால் அடங்கியது. சுட்டார்.

"மேல போயிருச்சுங்க."

"போயிருக்காது. நல்லா பாரு."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். மேல."

"நான் எத்தனை வருஷமா சுடறேன். உனக்கு என்ன தெரியும்? நான் சொல்றதைக் கேளு."

மனைவி தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுத்தாள். "இன்னைக்குத்தாங்க முதல் முதலா நீங்க சொல்றதைக் கேக்குறேன். இவ்வளவு நாளும் கேக்காம இருந்ததே நல்லதுன்னு தோணுது. குண்டு மேலதான் போச்சு."

இரண்டு வீட்டாரும் சேர்ந்து எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மாஸ்டருக்கு முகம் சிவந்து, காது சிவந்து, வழுக்கையும் சிவந்தது. அந்தக் கோபத்திலும் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்து, வாய்ப்பக்கம் அட்டையை நோக்கி இருக்கும்படி மேஜையில் வைத்தார். பிறகு விறுவிறுவென்று தலைவரின் அறைக்கு நடந்தார். அவமானம் பிடுங்கித் தின்றது. இந்த ஹாலுக்காகத்தானே பலூனோடும் எலியோடும் மல்லுக்கட்டினார்? அதே ஹாலில் அத்தனை பேர் முன்னால் கோமாளியாக்கிவிட்டார்கள். இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

அறைக் கதவு சாத்தியிருந்தது. உட்கார இடமில்லாமல் நின்றவர்களுக்காகப் பக்கத்துக் கட்டடத்தில் இரவல் வாங்கிய நாற்காலிகளைச் சுமந்துகொண்டு கிளப் கிளார்க் எதிரே வந்தார்.

"தள்ளுய்யா," என்றார் மாஸ்டர். "ஹாலை யாருக்கு வேணும்னாலும் குடுத்துத் தொலைக்கட்டும்னு உங்க தலைவர்கிட்ட சொல்லிட்டு வரேன்."

கிளார்க் நாற்காலிகளைக் கீழே வைத்துவிட்டு, கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப உள்ள போகாதீங்க மாஸ்டர். ஹாலைத் தன் மச்சானோட சோபா கடைக்குத் தர்றதா வாக்குக் குடுத்துட்டு, கூட்டமே வராம இருக்க என்ன வழின்னு யோசிச்சு யோசிச்சுத்தான், போட்டியைக் கலகலப்பாக்குற வேலையை அவர் உங்ககிட்ட ஒப்படைச்சாரு."