கோரிமேடு ஏறாத கார்

இனி மாட்டு வண்டியை நம்பிப் பிழைப்பதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை முடிவெடுத்தேன். எடுத்தவுடன் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு எடுக்கிற முடிவை என் மனைவி இருதயமேரி மதிப்பதில்லை. நின்றுகொண்டு எடுப்பதையும் மதிப்பதில்லை. ஆனால் நின்றிருந்தால் நகர்ந்துகொள்ள வசதி.

எனக்குத் தொழில் கல். கருவடிக்குப்பத்தில் பட்டறை. வாசற்படிக் கல், அம்மிக்கல், கல்லறைக் கல் மூன்றும் செய்கிறேன். வீட்டுக்குள் வருகிறவர்களும் என்னை மிதிக்க வேண்டும், போய்ச் சேர்ந்தவர்களும் என்னைச் சுமக்க வேண்டும். கல் திண்டிவனத்துப் பக்கமிருந்து வரும். வழியில் கோரிமேடு. மேட்டைப் பார்த்ததும் மாடுகள் படுத்துக்கொள்ளும். மாடுகளைப் பார்த்ததும் வண்டிக்காரன் படுத்துக்கொள்வான். இங்கே கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அப்பாவுக்குக் கல், அம்மாவுக்குக் கல் என்று கேட்டவர்கள் தினமும் வந்து வாசலில் நின்றார்கள். போன வருஷம் ஒரு கல் திருநாளுக்கு மறுநாள் வந்து சேர்ந்து, நான் ஒரு வாரம் பூசைக்குப் பின்வாசல் வழியாகப் போக வேண்டியிருந்தது.

ஆகவே மோட்டார். பின்னால் ஒரு டிரெய்லர். அதில் கல்.

பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. நாற்காலி, பியானோ, நாய் எல்லாம் விலைக்கு வந்தன. துமா வீதியில் ஒரு பிரெஞ்சு முசியே தன் அமெரிக்கக் காரை விற்கப்போவதாகச் சொன்னார் மெக்கானிக் கோவிந்தராசு. கோவிந்தராசுவின் கையில் விலைக்கு இன்னொரு வண்டியும் இருந்தது. சண்டைக் காலத்து ராணுவ ஜீப்.

"காருல கிளட்சே கெடையாது" என்றார் கோவிந்தராசு. "ரெண்டே பெடலு. கியர அதுவே மாத்திக்கும். ஜீப்புல எல்லாத்தயும் நீங்கதான் மாத்தணும்."

"கல் இழுக்க எது நல்லது?"

"கார் நல்லது. ஜீப்பும் நல்லது" என்றார் அவர். இரண்டிலும் அவருக்குத் தரகு உண்டு.

நான் காரைப் பார்த்தேன். கல்யாணப் பெண் மாதிரி மினுங்கியது. ஜீப்பைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்துப் பல்லை இளித்தது. முடிவெடுக்க எனக்கு அவ்வளவு போதும்.

வீட்டுக்கு வந்தேன்.

"எத வாங்கப் போறீங்க?" என்றாள் இருதயமேரி, மீனை அலசிக்கொண்டே.

"கியர் இல்லாதத. கையும் நோகாது, காலும் நோகாது. மெதுவா கிளம்பும். குலுக்கி கல்ல ஒடைக்காது."

"கல்லு இழுக்கவா, சாயங்காலம் பீச்சுப் பக்கம் போகவா?"

திடுக்கிட்டேன். பீச்சைப் பற்றி நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. தொப்பி ஒன்று வாங்க வேண்டும் என்று நினைத்தேனே தவிர, அதைக்கூட வாய்விட்டு நினைக்கவில்லை.

"கல்லு இழுக்கத்தான்" என்றேன்.

"அப்ப இழுத்துப் பாத்துட்டு வாங்குங்க. பெரிய மார்க்கெட்ல கத்திரிக்காயக் கூட அழுத்திப் பாத்துட்டுத்தான் வாங்குறோம். ரெண்டையும் கோரிமேட்டுல ஏத்திப் பாருங்க. எது ஏறுதோ அது."

நியாயமான பேச்சு. அவள் நியாயமாகப் பேசும்போதுதான் நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. ஏனென்றால் எனக்கு ஒரு தந்திரம் தோன்றியிருந்தது. டிரெய்லரில் எதை ஏற்றுவது என்பது என் கையில்தானே இருக்கிறது. பட்டறை ஆள் பாவாடையைக் கூப்பிட்டு, "ரெண்டு வாசப்படி மட்டும் ஏத்து, மேல தார்ப்பாயப் போட்டு மூடு. பாத்தா பெரிய பாரம் மாதிரி தெரியணும்" என்றேன். அவன் தலையாட்டினான். எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தபடியே தலையாட்டினான். அதையும் நான் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் முசியேவின் சம்மதத்தோடு காரின் பின்னால் கொக்கி போட்டு டிரெய்லரை மாட்டினார் கோவிந்தராசு. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். லேசாக மிதித்தேன். கார் பாலில் வெண்ணெய் நகர்கிற மாதிரி நகர்ந்தது. உதறல் இல்லை, குலுக்கல் இல்லை. தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோவிந்தராசு டிரெய்லரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கோரிமேட்டின் பாதியில் கார் யோசிக்க ஆரம்பித்தது. நான் அழுத்தினேன். என்ஜின் கத்தியது. இன்னும் அழுத்தினேன். இன்னும் கத்தியது. சத்தம் மட்டும் மேலே போனது, கார் போகவில்லை. பிறகு ஒரு வாசனை வந்தது. அடுப்பில் வைத்த எண்ணெய்ச் சட்டியை மறந்துவிட்டுப் பூசைக்குப் போனால் வருமே, அது. அடியிலிருந்து புகை. பிறகு கார் மெல்லப் பின்னால் வரத் தொடங்கியது. நான் பிரேக்கின் மேல் ஏறி நின்றேன் என்றே சொல்லலாம். கோவிந்தராசு குதித்து ஓடி, சக்கரத்துக்குக் கட்டை வைத்தார்.

"உள்ள எண்ணெயோட சுத்துலதான் சார் இது ஓடுது" என்றார் மூச்சு வாங்க. "பாரம் மிஞ்சுனா எண்ணெ மட்டும் சுத்தும், சக்கரம் நிக்கும். அப்புறம் எண்ணெ வெந்துடும்."

"ரெண்டு வாசப்படிக்கா வெந்துச்சு?"

அவர் தார்ப்பாயைத் தூக்கினார். வாசற்படியைக் காணோம். உள்ளே கிடந்தது ஒரு குடும்பமே சேர்ந்து படுக்கக்கூடிய கல்லறைக் கல். பட்டறையிலேயே பெரியது. எட்டுப் பேர் சேர்ந்தால்தான் அசையும்.

நான் சொன்னதைப் பாவாடை தவறாகக் காதில் வாங்கியிருப்பான் என்று அப்போது நினைத்தேன்.

அதே கல்லை ஜீப்பில் மாட்டினோம். நான் கிளட்சை விட்ட விதத்தில் என் கழுத்து ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போயின. என்ஜின் நின்றது. மறுபடி விட்டேன். மறுபடி நின்றது. கடைசியில் கோவிந்தராசு ஓட்டினார். முதல் கியரில் போட்டார். ஜீப் எறும்பு சர்க்கரையை இழுக்கிற மாதிரி முனகிக்கொண்டே உச்சிக்குப் போய்விட்டது. இறங்கும்போதும் அதே கியர் பிடித்துக்கொண்டது, பிரேக்குக்கு வேலையே இல்லை.

வீட்டில் நான் கடைசியாக ஒரு முயற்சி செய்தேன்.

"சின்னச் சின்னக் கல்லா இழுத்தா கார் தாங்கும்."

"திருநாளுக்கு நாள் இல்லீங்க. சின்னச் சின்னதா எப்ப இழுத்து முடிப்பீங்க?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "நல்ல வேள, நீங்க கண்டுபுடிச்சீங்க. பாவம், வேற யாராவது அந்தக் காரு கிட்ட ஏமாந்துடப் போறாங்க. நாலு பேருகிட்ட சொல்லி வையுங்க. உங்க வார்த்தைக்கு ஊருல ஒரு மதிப்பு இருக்குது" என்றாள்.

மதிப்பு என்ற சொல்லை அவள் வாயில் அன்றுதான் கேட்டேன். ஜீப்பை வாங்கினேன். கையோடு ஊர்ச் சேவையைத் தொடங்கினேன். பூசை முடிந்ததும் சம்பா கோயில் வாசலில் சொன்னேன். மீன் வாங்கும்போது சொன்னேன். முடிவெட்டிக்கொள்ளும்போது, எதிர்நாற்காலியில் இருந்தவருக்கும் சேர்த்துச் சொன்னேன். கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். அந்த முசியேவுக்குக் கப்பல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. காரைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை என்று கேள்விப்பட்டபோது, ஊரையே காப்பாற்றிய களைப்பு எனக்கு.

கல்லறைத் திருநாளுக்கு முன்பாகக் கல் அத்தனையும் வந்து சேர்ந்தன. கிளட்சும் நானும் ஒரு மாதிரி சமாதானமாகியிருந்தோம். அந்த வாரம் வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தேன்.

அதே கார். மினுங்கிக்கொண்டு நிற்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் மாமனார் தானிஸ்லாஸ். தலையில் தொப்பி.

என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சைகோனில் இடது முழங்காலில் குண்டு பாய்ந்து, அந்தக் கால் மடங்காது. கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் பட்டாளத்தில் கற்ற மோட்டாரை விட்டு வருஷக்கணக்காக ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவர்.

"எல்லாம் உங்க புண்ணியம் மாப்ள" என்றார் இறங்காமலே. "ரெண்டு பெடல் வண்டி ஒண்ணு கெடைக்காதான்னு நான் தேடாத எடமில்ல. முசியே முதல்ல சொன்ன வெலயக் கேட்டு நான் படுத்துட்டேன். நீங்க பண்ண பிரச்சாரத்துல மனுசன் கண்ணுல தண்ணி வச்சிக்கிட்டுக் குடுத்துட்டுப் போனாரு."

நான் உள்ளே திரும்பினேன். இருதயமேரி கொலுசு மாட்டிக்கொண்டிருந்தாள். வெளியே போவதற்கு.

"அந்தப் பெரிய கல்ல ஏத்தச் சொன்னது..."

"நான்தான்."

"ஏன்?"

"சின்னக் கல்லா இருந்தா கார் மேடு ஏறியிருக்கும். ஏறியிருந்தா நீங்க வாங்கியிருப்பீங்க. அப்புறம் எங்க பப்பா எதுல போவாரு?"

"அப்ப என் தொழிலு?"

"ஒரு கல்லாவது இந்த வருஷம் லேட்டா வந்துச்சா?"

வரவில்லை. அதுதான் என்னை அதிகம் அடித்தது. ஏமாற்றினவள் எனக்கு நஷ்டமாவது செய்திருந்தால் கோபித்துக்கொள்ள ஒரு பிடி இருந்திருக்கும். அவள் போய்க் காரில் ஏறிக்கொண்டாள். அவர்கள் பீச்சுப் பக்கம் போனார்கள். நான் ஜீப்பைத் துடைத்தேன்.

சில வாரம் கழித்து மாமனார் ஆள் விட்டனுப்பினார். கார் தெரு நடுவில் நின்றுவிட்டதாம். ஜீப்பில் போய்ப் பார்த்தேன். கோவிந்தராசு அடியில் படுத்திருந்தார். வெளியே வந்து விரலை முகர்ந்து பார்த்தார்.

"கோரிமேட்டுல வெந்த எண்ணெதான். உள்ள பூரா கருகிக் கெடக்குது. இந்த எண்ணெ இந்த ஊருல கெடைக்காது. கப்பல்ல வரணும்."

"எப்ப வரும்?"

"கப்பல் வரும்போது வரும்."

எனக்கு உள்ளே சந்தோஷம் பொங்கியது. முகத்தில் துக்கத்தை வைத்துக்கொண்டு மாமனாரைப் பார்த்தேன். மாமனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காருக்குள்ளிருந்து இருதயமேரியும் பார்த்தாள். மாமியாரும் பார்த்தார். மூன்று பேரும் அப்புறம் ஜீப்பின் பின்னாலிருந்த கொக்கியைப் பார்த்தார்கள்.

"எண்ணெய எரிச்சது யாரு?" என்றாள் இருதயமேரி.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் சம்பா கோயிலுக்கு நாங்கள் குடும்பத்தோடு போகிறோம். முன்னால் ஜீப்பில் நான் தனியாக. பின்னால் கயிற்றில் கார். அதற்குள் தொப்பியோடு மாமனார், விசிறியோடு மாமியார், பக்கத்தில் இருதயமேரி. கோயில் வாசலில் நிற்கிறவர்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள், ஒருவர் சிலுவைகூடப் போட்டுக்கொண்டார். போன வாரம் திருப்பத்தில் நான் கியர் மாற்றும்போது பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"கிளட்ச மெதுவா விடுங்க. இது கல்லு இல்ல, எங்க பப்பா."