வாங்கபோங்க டீச்சர்

மாமல்லபுரம் தொடங்கிக் கடப்பாக்கம் வரை கடற்கரையோரமாக யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மூன்று வயசுப் பிள்ளையை "வாங்க சார், உக்காருங்க" என்று வரவேற்றுவிட்டு, ஜீப்பில் வந்து இறங்கும் அதிகாரியை "இன்னாப்பா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்ட ஒரே மனுஷி எங்கள் வாங்கபோங்க டீச்சர்தான். அப்படி இன்னொருவரைக் காட்டினால் நான் மீசையை எடுத்துவிடுகிறேன்.

கடப்பாக்கத்துக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கும் ஒரு மீனவர் குப்பத்தில், கூட்டுறவுச் சங்கத்தில் எனக்கு எழுத்தர் வேலை. சங்கமும் பால்வாடியும் ஒரே கட்டடம். நடுவில் ஒரு சுவர் உண்டு. ஆனால் கூரை வரை எட்டுவதற்குள் செங்கல் தீர்ந்துபோன சுவர். அதனால் அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் நான் கைக்குட்டையை எடுக்க வேண்டியிருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று காலை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"சார், உங்களுக்கு எத்தினி வாட்டி சொல்றது? மூக்க சட்டையில தொடைக்காதீங்க. நாலு பேரு பார்த்தா உங்களப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

நான் பதறிப்போனேன். யாரோ பெரிய அதிகாரி வந்திருக்கிறார், பாவம், சளி பிடித்திருக்கிறது என்று எண்ணி, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு போய் எட்டிப் பார்த்தேன். அதிகாரி தரையில் உட்கார்ந்திருந்தார். வயசு மூன்று இருக்கும். சட்டை மட்டும்தான் போட்டிருந்தார். அதற்குக் கீழே அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். ஒல்லியான, உயரமான உருவம். எண்ணெய் வைத்து இறுக்கி முடிந்த கொண்டை.

"யாரு நீ? புதுசா? செருப்ப வெளிய வுட்டுட்டு வா."

அன்றிலிருந்து அவர் ஓய்வு பெற்றுப் போகும்வரை எனக்கு அந்த 'நீ'தான்.

அச்சரப்பாக்கத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருவார். பிள்ளைகளைப் பெரியவர்களாகவும் பெரியவர்களைப் பிள்ளைகளாகவும் நடத்துவது அவருடைய சட்டம். அந்தச் சட்டத்தின் பலத்தைக் குப்பம் முழுசாகத் தெரிந்துகொண்டது மீன் ஏலத்தில்தான்.

எங்கள் ஏலக்காரர் கோதண்டம் 'வஞ்சிரம்' என்று கூவினால், கடலில் மிச்சமிருக்கும் வஞ்சிரமும் ஒருமுறை திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்ட குரல். ஏலம் நடக்கும் இடம் பால்வாடிக்குப் பின்பக்கம். ஒருநாள் படகு தாமதமாக வந்து, பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் ஏலம் தொடங்கிவிட்டது. டீச்சர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு மணலில் இறங்கி வந்தார்.

"கோதண்டம், எங்க ஆளுங்க தூங்கறாங்க."

"டீச்சர், ஏலம்னா கூவித்தான ஆவணும்? கூவாத ஏலம் எங்கனா கீதா?"

"காதுல சொல்லு."

சொல்லிவிட்டு நகராமல் அங்கேயே நின்றுகொண்டார். கோதண்டம் குசுகுசுவென்று ஏலம் விட்டார். வியாபாரிகளும் குசுகுசுவென்று கேட்டார்கள். பக்கத்து ஆள் என்ன விலை கேட்டான் என்பது யார் காதிலும் விழவில்லை. அதிகமாகத்தான் கேட்டிருப்பான் என்று பயந்து ஆளாளுக்கு விலையை ஏற்றினார்கள். அன்றைக்கு நெத்திலி, வஞ்சிரத்தின் விலைக்குப் போனது. மறுநாள் படகுக்காரர்கள் டீச்சருக்கு உட்கார ஒரு நாற்காலியோடு காத்திருந்தார்கள்.

அடுத்த விக்கெட் மாரி. நல்ல வலைக்காரன், கெட்ட குடிகாரன். ஒரு காலையில் கண்ணெல்லாம் சிவந்து பால்வாடி வாசலில் வந்து நின்றான்.

"டீச்சர், ரொம்பப் பேஜாராகீது. நேத்து கொஞ்சம் போட்டுக்கினு வூட்டுக்குப் போனேன். எப்பவும் போல கத்தினேன். உங்ககிட்ட படிக்கற எம் பொண்ணு தேவி எதுருல வந்து நின்னு, 'நைனா, நீங்க இப்பப் பேசற நெலமையில இல்லீங்க. போய்ப் படுத்துக்குங்க'ன்னுது. திருப்பித் திட்டலாம்னா, மருவாதியாப் பேசற புள்ளய எப்படித் திட்டறது?"

"அப்புறம் இன்னா பண்ண?"

"போய்ப் படுத்துக்கினேன்."

"நல்ல புள்ள," என்றார் டீச்சர், அவனைப் பார்த்து.

மாரி உடனே திருந்திவிட்டான் என்று எழுத ஆசைதான். ஆனால் அவன் குறைத்துக்கொண்டது பல வருஷம் கழித்து. அதுவரை ஒவ்வொரு தடவையும் மரியாதையாக அனுப்பப்பட்டு, போய்ப் படுத்துக்கொண்டான்.

மாவட்டத் தலைமையிடத்திலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்த கதையும் உண்டு. வந்தவர், சட்டை மட்டும் போட்ட நம் கனவானைப் பார்த்து, "டேய் குண்டு, இங்க வாடா" என்று கூப்பிட்டுவிட்டார்.

"யாரு டேய்?" என்றார் டீச்சர்.

"குழந்தையத்தாம்மா..."

"அவரு உன்ன இன்னா பண்ணாரு? வாங்கன்னு கூப்பிடு. வருவாரு."

அதிகாரி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் கடலைப் பார்த்தார். வேறு வழியில்லை.

"வாங்க சார்."

கனவான் விரலை வாயில் வைத்துக்கொண்டு நிதானமாக யோசித்தார். "வர்ல. நீங்க வாங்க."

அதிகாரி போனார். குந்தி உட்கார்ந்து, கனவான் கடித்து மிச்சம் வைத்த சத்துமாவுக் கொழுக்கட்டையையும் வாங்கிச் சாப்பிட்டார். புறப்படும்போது அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்.

ஒரு மழை நாளில் பஸ்ஸுக்காக எங்கள் ஆபீஸில் ஒதுங்கியிருந்தபோது டீச்சரிடம் கேட்டேவிட்டேன். "எதுக்கு டீச்சர் இந்தப் பொடிசுங்களுக்கு இவ்ளோ மரியாதை?"

அவர் சிரிக்கவில்லை.

"உன்ன 'வாங்க'ன்னு சொல்ல ஊருல ஆளு கீது. இவங்கள யாரு சொல்லுவா? பெரிய இஸ்கூலுக்குப் போனா 'டேய் குப்பத்தான்'. மீனு விக்கப் போனா 'ஏய், தள்ளி நில்லு, நாறுது'. ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், ஆபீஸ், எங்க போனாலும் ஏய், டேய்தான். அதெல்லாம் காதுல விழறதுக்கு முன்னால, கொஞ்ச நாளு யாராச்சும் ஒருத்தி வாங்கன்னு கூப்பிட்டு வெச்சா, பின்னால எவனாச்சும் ஏய்னும்போது அது தப்புன்னாச்சும் இவங்களுக்குத் தெரியும் இல்ல?"

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. "பஸ் வருது, அந்தக் குடைய எடு" என்றார்.

அவர் ஓய்வு பெற்றபோது பெரிய விழா எடுப்பதாகக் குப்பம் முடிவு செய்தது. முதல் மாலையை வடக்குத் தெரு போடுவதா, தெற்குத் தெரு போடுவதா என்று சண்டை வந்தது. சண்டை தீர்வதற்குள் அவருடைய கடைசி வேலை நாளும் வந்துவிட்டது. டீச்சர் பிள்ளைகளிடம் "போயிட்டு வரேங்க" என்று சொல்லிக்கொண்டு வழக்கமான பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் வழியாகக் கோதண்டத்தைக் கூப்பிட்டு, "விழா வெச்சீன்னா சொல்லியனுப்பு, வரேன்" என்றார்.

"வெக்காம வுடுவமா டீச்சர்!" என்று கோதண்டம் பஸ் அதிரக் கத்தினார்.

மீன்பிடித் தடைக்காலம் முடியட்டும் என்றோம். அப்புறம் புயல் வந்தது. அப்புறம் தேர்தல். விழா தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் வினையே. வேண்டாம் என்று ஒருத்தன் சொல்லியிருந்தால் அவனோடு மல்லுக்கட்டியாவது நடத்தியிருப்போம்.

வருஷங்கள் ஓடி, பால்வாடிக்குப் புதுக் கட்டடம் வந்தது. திறப்பு விழாவுக்கு டீச்சர்தான் சிறப்பு விருந்தினர் என்று இரண்டு தெருக்காரர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். பிளெக்ஸ் அடிக்கக் கோதண்டமும் மாரியும் நானும் கடப்பாக்கம் போனோம்.

"சிறப்பு விருந்தினர் பேரு?" என்றார் கடைக்காரர்.

"வாங்கபோங்க டீச்சர்," என்றார் கோதண்டம்.

"அது பட்டப்பேரு அண்ணாத்த. நெஜப் பேரு?"

கோதண்டம் மாரியைப் பார்த்தார். மாரி என்னைப் பார்த்தான். நான் கடைக்காரரின் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

"டீச்சருன்னே போடேன்," என்றான் மாரி.

"ஊரு முச்சூடும் டீச்சருங்க கீறாங்க. எந்த டீச்சருன்னு போடறது?"

மாரி மகளுக்குப் போன் போட்டான். தேவி இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். "டீச்சருக்குப் பேரா?" என்று அவள் திருப்பிக் கேட்டது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. பால்வாடியின் பழைய ஆயாவுக்கு, செங்கல்பட்டில் தங்கை வீட்டில் டீச்சர் இருப்பது தெரிந்திருந்தது. பேர் தெரியவில்லை. "டீச்சரம்மான்னுதான் கூப்பிடுவேன்" என்றாள்.

ஏதாவது ஆபீஸில் விசாரித்தால் தெரிந்துவிடும். ஆனால் இந்த வெட்கத்தை அவரிடமே போய்ப் படுவது மேல் என்று தோன்றியது. திட்டுவார். திட்டட்டும். பெட்டியில் ஐஸ் போட்டு ஒரு முழு வஞ்சிரத்தை எடுத்துக்கொண்டு, மறுநாள் மூவரும் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினோம். என்ன சொல்லித் திட்டுவார் என்று வழியெல்லாம் நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டு போனோம்.

ஏரிப் பக்கம் சின்ன வீடு. கதவைத் திறந்த அம்மாளுக்கு டீச்சரின் அதே உயரம். குப்பத்திலிருந்து வருகிறோம் என்றதும் அவருடைய முகம் மாறிவிட்டது.

"அக்கா போன மழையில போயிட்டாங்களே. உங்களுக்கெல்லாம் தெரியாதா?"

கோதண்டம் பெட்டியைக் கீழே வைத்தார். அந்த அம்மாளே தொடர்ந்து பேசினார்.

"குப்பத்துல விழா வெக்கறாங்க, கூப்பிடுவாங்கன்னு சொல்லிகினே இருந்தாங்க. அதுக்குன்னு ஒரு பட்டுப் புடவைய எடுத்துத் தனியா வெச்சிருந்தாங்க. வேற கல்யாணம் காட்சி எதுக்கும் கட்டல. கடைசியில அதத்தான் கட்டி அனுப்பினோம்."

மாரி வாசலுக்குப் போய்விட்டான். கோதண்டம் தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"டீச்சரு பேரு இன்னாம்மா?"

அந்த அம்மாள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை.

"குணசுந்தரி," என்றார்.

திறப்பு விழா நடந்தது. தங்கையை மேடையில் உட்கார வைத்தோம். முதல் மாலை யார் போடுவது என்று இந்த முறை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அரசாங்கக் கட்டடத்துக்கு நம் இஷ்டத்துக்குப் பேர் வைக்க முடியாது என்று சொன்னார்கள். கோதண்டம் வாதாடவில்லை. வாசலுக்கு வெளியே, மணலில், தன் கையாலேயே குழி தோண்டி ஒரு பலகையை நட்டார். அதில் பேர் மட்டும்தான்.

வேலை முடிந்து அந்த வழியாகத்தான் நான் வீட்டுக்குப் போகிறேன். தினமும் பலகைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி, இப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகுகிறவனைப் போல, அந்தப் பேரை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.