பைலட் பக்கத்துச் சீட்

"சார், பை நாலு கிலோதான். ஆனா ஆளு நூத்திரண்டு காட்டுதே?"

விமான நிலையத்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த இளைஞர் இப்படிக் கேட்டதும், எடை இயந்திரத்தின் மேல் நின்றிருந்த பஸ் டிரைவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பைக்கு ஐந்து கிலோதான் அனுமதி என்று கேள்விப்பட்டதும், பேத்திக்கு வாங்கிய துணிமணி, பவுடர் டப்பா, பொம்மை என்று சகலத்தையும் பேன்ட் பைகளிலும் மூன்று சட்டைகளுக்கு உள்ளேயும் திணித்துக்கொண்டு வந்திருந்தார் மனிதர். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு.

"ஆறு சீட்டு பிளேன் சார். கனமானவங்கள முன்னாடி வெச்சாதான் சமமா இருக்கும். நீங்க பைலட் பக்கத்துல உக்காருங்க."

"பைலட் எங்க தம்பி?"

"நான்தான் சார்."

டிரைவருக்குப் பகீரென்றது. டிக்கெட் கிழிப்பவனும் வண்டி ஓட்டுபவனும் ஒரே ஆளா! முப்பத்தொரு வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர் அவர். ஒரு கீறல் கிடையாது. சக்கரம் தரையில் இருக்கும்வரை சிங்கம்தான். தரையை விட்டு ஒரு அடி எழும்பினால் போச்சு. காலையிலிருந்து நாலு தடவை கழிப்பறைக்கு ஓடியாயிற்று. விமானம் வந்து இறங்கி, அதில் வந்தவர்களெல்லாம் வெளியே போன நேரத்தில்கூட அவர் அங்கேதான் இருந்தார்.

ஆனால் போகாமல் முடியாது. மகள் வாக்கப்பட்டிருப்பது தீவில். பேத்தி பிறந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போன மனைவியும் அங்கேதான் இருக்கிறாள். படகோ பழுதாகிக் கரையில் கிடக்கிறது. "அடுத்த வாரம் வந்துடறேம்மா" என்று மூன்று முறை சொல்லி, மூன்று முறையும் காய்ச்சல், மூட்டுவலி, டூட்டி என்று கதை விட்டாயிற்று. கடைசி முறை மகள் சண்டைகூடப் போடவில்லை. "சரிப்பா" என்று போனை வைத்துவிட்டாள். அந்தச் "சரிப்பா"தான் அவரைத் தூங்கவிடவில்லை. இந்த முறை யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருந்தார்.

"சார் என்ன வேலை பாக்கறீங்க?" என்றார் பைலட், பெல்ட்டை மாட்டிவிட்டபடி.

இப்படிப் பயந்துகொண்டிருக்கும்போது டிரைவர் என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. "சின்னதா ஒரு கடை" என்றார்.

சத்தம் கேட்காவிட்டால் பயம் குறையும் என்று இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டார். பைலட் அவர் காலடியைக் காட்டி ஏதோ சொன்னார். இவர் பெரிய மனுஷத்தனமாகத் தலையாட்டி வைத்தார்.

விமானம் ஓடத் தொடங்கியது. அடுத்தவன் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தால் இவருடைய வலது கால் தானாக பிரேக்கைத் தேடும். முப்பத்தொரு வருஷப் பழக்கம். தேடியது. என்ன ஆச்சரியம், கிடைத்தது! ஓங்கி மிதித்தார்.

விமானம் வெடுக்கென்று வலதுபக்கம் இழுத்துக்கொண்டு போனது. பின்சீட்டு அம்மா, "ஐயோ கடவுளே!" என்று அலறினாள்.

பைலட் எப்படியோ சமாளித்து விமானத்தை நிறுத்தினார். எட்டி இவர் காதுப் பஞ்சைப் பிடுங்கினார். "காலை எடுங்க சார்! உங்க பக்கத்துப் பெடலும் நெஜமாவே வேலை செய்யும்! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, தலைய வேற ஆட்டினீங்களே!"

டிரைவர் இரண்டு கால்களையும் தூக்கிச் சீட்டின்மேல் சம்மணம் போட்டுக்கொண்டார். மறுபடி ஓடி, ஒருவழியாக மேலே ஏறியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கடகடவென்று ஒரு சத்தம்.

"தம்பி, ஏதோ நட்டு கழண்ட சத்தம் கேக்குதே!"

பைலட் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அவர் முகமும் வெளுத்தது. "ஆமா சார்... இதுக்கு முன்னாடி இப்படிக் கேட்டதில்லையே. திருப்பிடலாமா?"

"திருப்பாதீங்க!" என்றாள் பின்சீட்டு அம்மா. "அது அவரு சட்டைக்குள்ள இருந்து வருது!"

டிரைவர் மூன்றாவது சட்டைக்குள் கையை விட்டுக் கிலுகிலுப்பையை எடுத்தார். அதை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விமானத்தின் குலுக்கலில் அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. பேத்தியின் பிஞ்சுக் கையில் இது ஒலிப்பதை நினைத்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பயம் போகவில்லை, ஆனால் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

தீவில் இறங்கியதும் தரையை ஒருமுறை அழுத்தி மிதித்துப் பார்த்தார். பிறகு பைலட்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒரு பொய் சொல்லிட்டேன். கடையும் கிடையாது ஒண்ணும் கிடையாது. நான் பஸ் டிரைவர். பேத்தி பொறந்து ரெண்டு மாசமாச்சு, இன்னும் மொகத்தப் பாக்கல. நான் வரவே மாட்டேன்னு எம்பொண்ணு முடிவே பண்ணிட்டா. இப்பப் போய்க் கதவத் தட்டப்போறேன் பாருங்க!"

பைலட் கையிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சார்... பொண்ணுகூட உங்க வீட்டம்மாவும் இருக்காங்களா?"

"ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலைல நான்தான் சார் அவங்க மூணு பேரையும் இங்கேருந்து கூட்டிட்டுப் போய், நீங்க ஏறின எடத்துல எறக்கிவிட்டேன். 'எங்கப்பா பஸ் டிரைவர், உசுரே போனாலும் பிளேன்ல ஏற மாட்டாரு, அதான் சொல்லாம கொள்ளாம நாங்களே போறோம்'னாங்க."