டிடெக்டிவ் லாக்லனும் வெள்ளிக்கிழமைத் தட்டும்

வெள்ளிக்கிழமைக் குலுக்கலில் பரிசாகக் கொடுக்க கிளப் ஃப்ரிட்ஜில் வைத்திருந்த இறைச்சித் தட்டு மூன்றாவது வாரமாகக் காணவில்லை. மெரிண்டாலா ஊரிலேயே அதற்குச் சந்தோஷப்பட்டவன் போலீஸ்காரன் லாக்லன் ஒருவன்தான்.

சீருடையைக் கழற்றிவிட்டு அவன் டிடெக்டிவ் ஆன புதிதில், கிளப்பில் பார் நடத்தும் நோரீன் கேட்டாள்.

"டிடெக்டிவ்னா சம்பளம் கூடுமா?"

"இல்லக்கா. பதவிகூட அதேதான்."

"அப்ப அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்?"

"கண்டுபிடிக்கிறவன்னு அர்த்தம்."

"இந்த ஊர்ல என்னத்தப்பா கண்டுபிடிப்ப?"

போன மாதம் பெர்த் நகரத்திலிருந்து மேலதிகாரியும் அதையேதான் கேட்டார். திருட்டே இல்லாத ஊருக்கு டிடெக்டிவ் எதற்கு, சீருடையை மாட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்து சேர் என்றார். அன்று பாரில் உட்கார்ந்து லாக்லன் அழாத குறையாகப் புலம்பினான். அந்த வெள்ளிக்கிழமையே முதல் தட்டு மாயம். "சரி, கேஸ் முடியிறவரைக்கும் அங்கேயே இரு" என்று இறங்கிவந்தார் அதிகாரி.

திருடனைப் பிடித்துவிட்டால் அந்த வார்த்தை ஆயுசுக்கும் தன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் என்று நம்பினான் லாக்லன்.

இரண்டாம் வாரம் சூட் போட்டு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றான். அந்த ஊரில் சாவு வீட்டுக்கு மட்டும்தான் சூட் போடுவார்கள். வந்தவர்களெல்லாம் தொப்பியைக் கழற்றி, "யாருப்பா போய்ட்டாங்க?" என்று சூழ்ந்துகொண்டார்கள். அந்தத் துக்கத்தில் தட்டு போய்விட்டது.

மூன்றாம் வாரம் அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, மீன்பிடித் தொப்பியுடன் மூலையில் பதுங்கினான்.

"மாறுவேஷமா டிடெக்டிவ்? நாங்க பாக்கலப்பா" என்று ஒவ்வொருவராக வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் ஃப்ரிட்ஜ் காலி.

நான்காம் வாரம் ஃப்ரிட்ஜ் முன்னால் மாவைத் தூவினான். முதல் ஆளாக நோரீன் வழுக்கி விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டாள். அவளைத் தூக்க ஓடிவந்த கூட்டம் கிளப் முழுக்க மாவை மிதித்துத் தள்ளியது. ஆனால் பின்கதவுக்கு வெளியே ஒரே ஒரு வெள்ளைத் தடம்தான் போயிற்று. லாக்லன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனான்.

தடத்தின் முடிவில், கிளப் புல்தரையைப் பராமரிக்கும் மெர்வ் நின்றிருந்தார். கோட்டுக்குள்ளிருந்து சாசேஜ் மாலை தொங்கிக்கொண்டிருந்தது.

"மெர்வ் அண்ணே, நீங்களா?"

மெர்வ் முகத்தில் வெட்கமே இல்லை. வருத்தம்தான் இருந்தது.

"நோரீன், புடிச்சுட்டான்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

நொண்டிக்கொண்டே வந்த நோரீன் வாசற்படியில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள்.

"உன்ன இந்த ஊரவிட்டு அனுப்பிடக் கூடாதுன்னுதான் வாரம் ஒருத்தரா முறை வச்சுத் திருடிக்கிட்டிருந்தோம். இப்பிடிக் கண்டுபிடிச்சுத் தொலைச்சிட்டியேப்பா."