நெழல் சாரும் கனடாக் கன்றும்

காரைக்குடி வெயிலையே நேருக்கு நேர் நின்று மிரட்டிய ஒரே மனிதர் எங்கள் தெரு 'நெழல் சார்'தான். ரிட்டயரான தபால்காரர். சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை.

ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண், கைக்குழந்தையின் தலைமேல் முந்தானையைப் பிடித்தபடி வெயிலில் நிற்பதைப் பார்த்தார். "அங்குட்டு ஒரு மரம் வச்சே தீரணும்" என்றார். அதுவும் ஊரே அசந்துபோகிற மரமாக இருக்க வேண்டுமாம். எதிர்வீட்டு ஆச்சியின் மகன் கனடாவிலிருந்து வந்தவன், செக்கச்செவேலென்று மேப்பிள் மரப் படம் ஒன்றைக் காட்டித் தொலைத்தான்.

"பனியவே தாங்குற மரம், நம்ம வெயில் எம்மாத்திரம்?" என்று விதைக்குச் சொல்லி அனுப்பினார்.

விதை வந்தது. முளைக்க மூன்று மாதம் குளிரில் இருக்கணுமாம். ஃபிரிட்ஜிலிருந்து மாவுப் பாத்திரம் வெளியேறியது. "மாவு புளிச்சா மேப்பிள்லயா தோசை ஊத்துவீக?" என்று கத்தினார் சாரின் வீட்டம்மா.

முளைத்தது மூன்று கன்று. சித்திரையில் இரண்டு கருகின. மூன்றாவதற்குக் குடை பிடித்தபடி உச்சி வெயிலில் நின்றார் சார்.

"நெழல் தர்ற மரத்துக்கே நெழல் புடிக்கிறீகளே!" என்றேன்.

"பச்சப்புள்ளய்யா. ஊரு பழகட்டும்."

பழகவில்லை. அதுவும் போனது.

மூன்றாம் நாள் மடக்கு நாற்காலியோடு என் வாசலில் நின்றார். "வாங்க, மரம் பாக்கப் போவோம்."

உச்சி வேளையில் மரத்துக்கு மரம் என்னை உட்கார வைத்து நோட்டில் எழுதினார். கோவிலூர்ப் புளியமரத்தடியில் எறும்பு கடித்தது: 'நெளிகிறார்.' வாகையில் நெற்று சலசலத்தது: 'முழிக்கிறார்.' கீழச்சிவல்பட்டிப் புங்கையடியில் நான் கண் விழித்தபோது இரண்டு பஸ் போயிருந்தது. நோட்டில் 'குறட்டை', கீழே அடிக்கோடு.

"புங்கைதான். வறட்சி தாங்கும். கோடைக்கு முன்னாடியே புது எல விட்டுரும். செவக்காது, போகட்டும்" என்றார்.

ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்பில் நட்டார். ஆடு தின்றது. மறுபடி நட்டு முள்வேலி கட்டினார். நாலு கோடை, சைக்கிளில் இரண்டு குடம் தண்ணீர், ஒருநாள் தப்பாமல்.

இன்று அந்த நிழலில் இருபது பேர் நிற்கலாம். போன வாரம் மத்தியானம் நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்த சார், வெயிலில் தள்ளி நின்றுகொண்டார்.

"உள்ள வாங்க சார்."

"இருக்கட்டும். பிள்ளைய வச்சிருக்கவுக நிக்கட்டும்."

நானும் வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்றேன். வெயில் அவ்வளவாகத் தெரியவில்லை.